மூன்றே பிடி! ஒனிகிரி கேள்வி–பதில்

ஜப்பானியப் படங்களில் முக்கோணமாக, இடுப்பில் கறுப்புத் துண்டு கட்டினாற்போல் ஒரு சோற்று உருண்டை வருகிறதே, அதை வீட்டில் செய்ய முடியுமா?
*– கல்லூரி மாணவி, கோவை*

தாராளமாக. அது பிறந்ததே வீட்டில்தான். பெயர் ஒனிகிரி, ஒமுசுபி என்றும் சொல்வார்கள். இடுப்பில் இருக்கும் துண்டு, நோரி என்கிற கடற்பாசித் தாள். ஒட்டும் அரிசி, உப்பு, நோரி, உள்ளே வைக்க ஏதாவது ஒன்று, இந்த நான்கும் இருந்தால் போதும். 150 கிராம் அரிசியில் மூன்று உருண்டை வரும். ஐந்தாவதாக ஒன்றும் வேண்டும், அது எந்தக் கடையிலும் கிடைக்காது: இளகிய கை. ஒனிகிரியின் அழகில் பெரும்பங்கு அந்தக் கையுடையது.

எங்கள் வீட்டில் பொன்னிப் புழுங்கல்தான். எப்படிப் பிடித்தாலும் உதிர்ந்து போகிறது. என் கைராசி அப்படியா?
*– இல்லத்தரசி, தஞ்சாவூர்*

கைராசியைக் குறை சொல்லாதீர்கள், பொன்னியையும் குறை சொல்லாதீர்கள். குழம்பு ஊற்றிப் பிசைய உதிரிச் சோறுதான் சுகம். அரிசியின் மாவுச்சத்தில் அமிலோஸ், அமிலோபெக்டின் என்று இரண்டு உண்டு. அமிலோஸ் கூடினால் சோறு உதிரும், ஆறினால் விறைக்கும். குறைந்தால் ஒன்றோடொன்று ஒட்டும், ஆறிய பிறகும் மெத்தென்று இருக்கும். ஜப்பானியக் குட்டை அரிசியில் அமிலோஸ் குறைவு. 1956இல் பதிவான கோஷிஹிகாரி அங்கே பேர்போன ரகம். ‘சுஷி அரிசி’ என்று விற்பதைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பச்சரிசியைச் சற்றுக் குழைய வேகவைத்து, சூட்டோடு பிடித்து, உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

ஒரு சேதி: நம் வெள்ளைப் பொன்னியின் மூதாதையரில் தைச்சுங் 65 என்ற தைவான் நெல்லும் ஒன்று. அது ஜப்பானிய இனத்தைச் சேர்ந்தது. சொந்தம் இருக்கிறது, ஒட்டுதல்தான் இல்லை!

சோற்றை வடிக்கலாமா?
*– புதிதாகச் சமைப்பவர், சேலம்*

கூடவே கூடாது. ஒட்டவைக்கும் பசை கஞ்சியோடு போய்விடும். அரிசியைத் தண்ணீர் ஓரளவு தெளியும்வரை கழுவி, 30 நிமிடம் ஊறவையுங்கள். ஒரு கப் அரிசிக்கு ஒன்றேகால் கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். கொதித்ததும் தீயைக் குறைத்து, மூடியைத் திறக்காமல் வேகவிட்டு, தண்ணீர் வற்றியதும் அணைத்து, 10 நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு நனைத்த கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டினால், மிச்ச ஆவி போய்ப் பருக்கைகள் பளபளக்கும். வெள்ளை உருண்டைக்கு அந்தப் பளபளப்புதான் முதல் அலங்காரம். அதைத் தவறவிட்டால், மேலே என்ன ஒட்டினாலும் எடுபடாது.

முக்கோணம் பிடிக்கப் போனால் கட்டை போல ஆகிவிடுகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிகிற கதைதான்!
*– பள்ளி ஆசிரியை, மதுரை*

குரங்காய் முடிந்தாலும் கவலையில்லை, ஜப்பானியக் கதைக்குள்தான் இருக்கிறீர்கள். நண்டு வைத்திருந்த ஒனிகிரியை, ஒரு பெர்சிமன் பழ விதையைக் கொடுத்துக் குரங்கு பறித்துக்கொள்ளும் நாட்டுப்புறக் கதை அங்கே குழந்தைகளுக்கெல்லாம் தெரியும்.

உங்கள் சிக்கல் அழுத்தம். கொழுக்கட்டையை விரல்தடம் பதிய இறுக்கிப் பிடிக்கிறோம். அது மாவு, தாங்கும். இது சோறு. பருக்கைக்கும் பருக்கைக்கும் நடுவே காற்று இருக்க வேண்டும்.

கையை நனைத்து உதறி, இரண்டு விரல்நுனியில் உப்பெடுத்து உள்ளங்கை முழுதும் தடவுங்கள். சூடு பொறுக்கும் பதத்தில் 100 கிராம் சோற்றை இடக்கையில் வைத்து, நடுவில் குழி செய்து, உள்ளீட்டை வைத்து மூடுங்கள். இடக்கை தட்டையாக அடியைத் தாங்கட்டும். வலக்கை விரல்களைக் கணுவில் மடக்கி மேலே வைத்தால் ஒரு முனை கிடைக்கும். ஒரு பிடி, உருண்டையை உங்கள் பக்கம் உருட்டி இன்னொரு பிடி, மறுபடி உருட்டி மூன்றாம் பிடி. அவ்வளவுதான், கையை எடுத்துவிடுங்கள். தூக்கினால் உடையக் கூடாது, கடித்தால் வாய்க்குள் உதிர வேண்டும். அதுதான் சரியான பதம்.

முக்கோணம்தான் சட்டமா?
*– வங்கி ஊழியர், நெல்லை*

இல்லை. தோக்கியோ பக்கம் முக்கோணம், ஓசாகா பக்கம் உருளை, வடக்கே தொஹொகுவில் தட்டை வட்டம் என்று ஊருக்கு ஊர் பழக்கம் மாறும். புதிதாகப் பிடிப்பவருக்கு உருளை சுலபம். எதைப் பிடித்தாலும் ஒரு தட்டில் ஒரே வடிவம், ஒரே அளவு இருக்கட்டும். சோற்றை ஒவ்வொரு முறையும் ஒரே கிண்ணத்தால் அளந்தெடுத்தால் போதும், வரிசை தானே அமையும்.

உள்ளே என்ன வைப்பது? வெளியே என்ன தெரிவது?
*– சமையல் ஆர்வலர், புதுச்சேரி*

ஜப்பானில் உமெபோஷி என்ற உப்பில் ஊறிய புளிப்புப் பழம், உப்பிட்ட சால்மன், சோயாவில் நனைத்த மீன் சீவல், இவை பழைய தலைமுறையின் உள்ளீடுகள். எதுவானாலும் ஈரம் சொட்டக் கூடாது, உப்பு தூக்கலாக இருக்க வேண்டும். உமெபோஷி கிடைக்காத ஊரில் உப்பு நார்த்தங்காய் அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

உள்ளே வைத்ததில் ஒரு துளியை உச்சியிலும் வையுங்கள். வெள்ளைமேல் ஒரு சிவப்போ ஆரஞ்சோ இருந்தால் கண்ணுக்கு விருந்து. சாப்பிடுபவருக்கும் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். நல்ல அலங்காரம் அழகோடு தகவலும் தரும்.

நோரி சுற்றியதும் நமத்துப் போகிறதே?
*– தனியார் நிறுவன ஊழியர், சென்னை*

முழுத்தாள் 21க்கு 19 சென்டிமீட்டர். மூன்று பட்டையாக வெட்டி, தீயில் ஒரு கணம் காட்டி, பளபளப்பான பக்கம் வெளியே தெரிய, சாப்பிடப் போகும்போது சுற்றுங்கள். 1978இல் ஜப்பானின் செவன் இலெவன் கடைகள் செய்ததும் இதுதான்: சோற்றுக்கும் நோரிக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். பிரித்தவுடன் இரண்டும் சேரும், நோரி மொறுமொறுக்கும். முன்கூட்டியே சுற்றி, நோரி சோற்றோடு இணைந்து மென்மையான பின் சாப்பிடுவதை விரும்புகிறவர்களும் அங்கே ஏராளம். உங்கள் வீட்டில் எது செலவாகிறதோ அதைச் செய்யுங்கள்.

நோரி எப்படி விளைகிறது?
*– ஓய்வுபெற்ற தபால்காரர், நாகப்பட்டினம்*

கடலோரத்தில் வலை கட்டி வளர்க்கிறார்கள். ஆனால் அதன் வித்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் விளையும், ஒரு வருடம் கைவிரிக்கும். 1949இல் கேத்லீன் ட்ரூ-பேக்கர் என்ற பிரிட்டிஷ் பெண் விஞ்ஞானி, அதன் இனத்துப் பாசி கோடையில் சிப்பி ஓடுகளுக்குள் வேறு உருவில் வாழ்வதைக் கண்டுபிடித்தார். அதை வைத்துத்தான் ஜப்பானியர்கள் நோரியை நம்பிப் பயிரிடக் கற்றார்கள். அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. ஆனாலும் குமாமோத்தோ மாகாணத்தின் உத்தோ நகரில் நினைவுச்சின்னம் எழுப்பி ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று வணங்குகிறார்கள். கறுப்புத் துண்டைச் சுற்றும்போது அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டா, பூனை என்று முகம் வைத்தால் மகன் சாப்பிடுவான். அரை மணி நேரத்தில் முகம் சுருங்கிவிடுகிறது, அவனுடையதும்தான்!
*– மூன்றாம் வகுப்பு மாணவனின் தாய், திருப்பூர்*

சூட்டில் ஒட்டுகிறீர்கள், ஆவிபட்டு நோரி சுருங்குகிறது. உருண்டை ஆறட்டும். நோரியைச் சிறு கத்தரியால் வெட்டி, இடுக்கியால் எடுத்து வையுங்கள். பாண்டாவுக்கு இரண்டு காது, இரண்டு கண், ஒரு மூக்கு போதும். கண்களைச் சற்றுக் கீழே, இடைவெளி விட்டு வைத்தால் குழந்தை முகம் வரும்.

காலையில் பிடித்து மதியத்துக்குக் கட்டிக் கொடுக்கலாமா?
*– மருந்துக்கடை ஊழியர், வேலூர்*

வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். கையில் சிறு வெட்டுக்காயம் இருந்தாலும் அதிலுள்ள கிருமி சோற்றில் பெருகும். பிளாஸ்டிக் உறைத்தாளில் உப்பைத் தூவி, சோற்றை வைத்து அதன் மேலாகவே பிடியுங்கள். நன்றாக ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள். நம் வெயிலுக்கு மயோனைஸ், மீன் உள்ளீடு வேண்டாம். அவற்றை வீட்டிலேயே உடனே சாப்பிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு கல்லாகிவிடும்.

வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே? இவ்வளவு அழகு எதற்கு?
*– ‘பசித்தவன்’, ஈரோடு*

இஷிகாவா மாகாணத்தில் 1987இல் கரியாகிப்போன ஒரு சோற்றுக் கட்டியைத் தோண்டியெடுத்தார்கள். வயது சுமார் 2,000 ஆண்டுகள். அதிலும் யாரோ பிடித்த வடிவம் தெரிகிறது. 1995 ஜனவரி 17 அன்று கோபே பகுதியை நிலநடுக்கம் குலைத்தபோது, தன்னார்வலர்கள் சோறு பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த நாளையே ஒமுசுபி நாளாக வைத்திருக்கிறார்கள். பசிக்குக் கொடுப்பதையும் அள்ளிப் போடாமல், பிடித்துக் கொடுப்பது மரியாதை. ஒனிகிரியின் அழகு அந்த மரியாதையிலிருந்து வருவது. உங்களுக்கும் அது உரியது, பசித்தவரே.

முதல்முறை செய்யப் போகிறேன். ஒரே ஓர் அறிவுரை?
*– புதுமணப்பெண், கும்பகோணம்*

நான்காவது பிடிக்குக் கை பரபரக்கும், பிடிக்காதீர்கள். அரிசி ஊற 30 நிமிடம் ஆகும். எழுந்து போய் ஊறப்போடுங்கள்!