ரெஸ்ரர் அண்ணன்

திருகோணமலையில் உட்துறைமுக வீதியிலோ உவர்மலையிலோ ஒரு வீட்டில் பிளக் பேஸ் கருகினால், வயர்மன் வருவதற்கு முன்னமே அங்கே வந்து நிற்பவர் ரெஸ்ரர் அண்ணன். தொழில் எதுவாகவும் இருக்கலாம்: சீனக்குடா மா ஆலையில் ஸ்டோர்ஸ், துறைமுகத்தில் கிளார்க், இல்லாவிட்டால் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பேனை செருகும் பையில் ரெஸ்ரர் செருகியிருப்பதுதான் அடையாளம். "மெயினை நிப்பாட்டிப்போட்டுச் செய்யுங்கோவன்" என்று மனைவி சொன்னால், ஃபிரிஜில் இருக்கிற மீன் பழுதாகிவிடும் என்பார். இவரைத் துணிச்சல்காரர் என்பார்கள் சிலர், கஞ்சன் என்பார்கள் சிலர். இரண்டும் தப்பு. இவர் ஒரு முகப்புவாதி. சுவருக்கு வெளியே தெரிவதுதான் மின்சாரம், உள்ளே இருப்பது மேசன் பாஸின் விவகாரம் என்பது இவருடைய கொள்கை.

சான்று வேண்டுமென்றால், பேஸுக்குப் பின்னால் சுவருக்குள் பதித்திருக்கும் சங்க் பொக்ஸைப் பாருங்கள். பழைய வீடுகளில் அது தகரம். கடல் சூழ்ந்த ஊரில் தகரத்துக்கு ஆயுள் எவ்வளவு? பொக்ஸின் இரண்டு காதுகளிலும் மரை தின்னப்பட்டு, ஸ்குரூ ஆணி சும்மா சுற்றும். சுவரைக் கொத்தி, புதுப் பொக்ஸ் வைத்து, சீமெந்து பூசுவதுதான் முறை. அண்ணன் ஒரு தீக்குச்சியை ஓட்டைக்குள் செருகி ஆணியை முறுக்கி, "இனி யானை இழுத்தாலும் வராது" என்பார். யானை எதற்கு? அயன் பொக்ஸின் பிளக்கை மகள் இழுத்தாலே பேஸ் முழுக்க வயரோடு வெளியே வரும். இப்படி ஆட ஆட, பின்னால் வயரைப் பிடித்திருக்கும் ஆணி தளரும். தளர்ந்த இடம் சூடாகும், சூடானால் பிளாஸ்ரிக் கருகும். அண்ணன் பார்ப்பது கருகிய பிளாஸ்ரிக்கை மட்டும். "சாமான் மட்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கடையில் இன்னொரு பேஸ் வாங்கிவருவார். குற்றவாளி சுவருக்குள் அப்படியே இருக்க, முகப்புக்குத்தான் ஒவ்வொரு முறையும் தண்டனை.

இவருடைய கருவியும் இவருக்கு ஏற்றதுதான். ரெஸ்ரருக்குத் தெரிந்தது ஒரே கேள்வி: லைவ் வருகிறதா? நியூட்ரல் தளர்ந்திருக்கிறதா, ஏர்த் கம்பி எங்காவது போய்ச் சேருகிறதா என்று அது கேட்காது. அண்ணனும் கேட்கமாட்டார். பல பழைய வீடுகளில் இரண்டு கம்பி மட்டும் இழுத்த பொயின்றுகள் உண்டு. அங்கே மூன்று துளை 13 அம்பியர் பேஸைப் பூட்டிவிடுவார். பிளக்கின் நீண்ட ஏர்த் முள் மற்ற இரண்டு துளைகளின் மூடியைத் திறந்துவிடும், அதற்குமேல் அதற்கு உத்தியோகம் இல்லை. உயிரைக் காக்க வந்தவரை வாசல் காவலுக்குப் போட்டாயிற்று. சார்ஜரின் இரண்டு முள் பிளக் வந்தால் அந்த வேலையும் பறிபோகும். பேனை மூடியால் குத்தித் திறந்துகொள்வார்கள்.

"அரசாங்கமே மாற்றச் சொல்லுதே" என்று அண்ணன் வாதாடுவார். உண்மைதான். 13 அம்பியர் சதுர முள்ளை நாட்டின் ஒரே நியமமாக்கி 2017இல் வர்த்தமானி வந்தது, வீடுகளிலிருக்கும் உருண்டைத் துளைகளுக்கு 2038 வரை தவணை. அண்ணனுக்கு இது வாழ்நாள் நியமனக் கடிதம். ஆனால் 5 அம்பியர் பொயின்றுக்குப் பின்னால் ஓடுவது பெரும்பாலும் 1/1.13 வயர். 13 அம்பியருக்கு வயர்மன்மார் இழுப்பது 7/0.67, குறுக்குவெட்டுப் பரப்பில் அதைவிட இரண்டரை மடங்கு. முகப்பை மாற்றியதும் அந்தத் துளை 'கேத்திலையும் குத்தலாம்' என்று உறுதி கொடுக்கிறது. 2000 வாட் கேத்தில் 230 வோல்ட்டில் எடுப்பது 8.7 அம்பியர், பக்கத்தில் அயன் பொக்ஸும் ஓடினால் 13. மெல்லிய வயருக்கு அது கழுத்தளவு. பிரேக்கர் விழுகிறதென்றால் அண்ணனிடம் அதற்கும் மருந்துண்டு: பெரிய பிரேக்கர். இப்போது விழவேண்டியது விழாது, வயர்தான் சுடும்.

இவருக்காகச் சொல்ல ஒன்றுண்டு. ஒரு பேஸ் மாற்ற எந்த வயர்மனும் வரமாட்டார். "நாளைக்கு வாறன்" என்பவர் தீபாவளிக்குத்தான் வருவார். ஒத்துக்கொள்கிறேன். நல்ல பொக்ஸில், சரியான வயரில், மெயினை நிப்பாட்டிவிட்டு ஒரு பேஸைக் கழற்றிப் பூட்டுவது ஏலாத காரியமல்ல. "முப்பது வருசமா எரியுதுதானே, ஒன்றும் நடக்கேல்லையே" என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. அந்த முப்பது வருசத்தில் பாதி, பொயின்றில் இருந்தது ஒரு மேசை ஃபேனும் ரேடியோவும். இப்போது அதே கம்பியில் ரைஸ் குக்கர், கேத்தில், வோஷிங் மெஷின். சாட்சி சொல்லவேண்டிய காலமும் மாறிவிட்டது, சாமான்களும் மாறிவிட்டன. அண்ணன் மட்டும், பக்கத்து வீட்டில் பேஸ் கருகியதாம் என்று கேள்விப்பட்டு, தீக்குச்சிப் பெட்டியோடு படியிறங்கிக்கொண்டிருக்கிறார்.