காஞ்சிபுரத்தில் பழைய ஃபெராரி வாங்குவோர்க்கு ஓர் அளவை நூல்

மணிமேகலை காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். அடிகள் முதலில் சொல்லித்தருவது அளவை இலக்கணம். ஒன்றை மெய்யென்று எதைக்கொண்டு ஏற்பது? காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டு அளவைகளே போதும், மற்றவையெல்லாம் கருத்தளவையில் அடங்கிவிடும் என்கிறார். வஞ்சியில் சமயவாதிகளிடம் பத்து அளவைகள் கேட்டுவிட்டு வந்தவளுக்கு இது பெரிய சிக்கனம். பௌத்த தருக்கத்தின் தலைமகனான திக்நாகரும் காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்பது வழிவழிச் செய்தி.

காஞ்சிக்காரர் ஒருவர் பழைய ஃபெராரியோ லம்போர்கினியோ போர்ஷேவோ வாங்கப் புறப்பட்டால், அவர் கையில் எடுக்க வேண்டிய நூல் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த வியாபாரத்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. புரோக்கர் சொல்வார், விற்பவர் சொல்வார், விற்பவரின் டிரைவர் தனியாகக் கூப்பிட்டு வேறொன்று சொல்வார். இவர்கள் எல்லோருடைய சொல்லையும் ஓரமாக வைத்துவிட்டு, கண்ணால் கண்டதையும் அதிலிருந்து முறையாக ஊகித்ததையும் மட்டும் கைக்கொள்பவரே பணத்தோடும் வண்டியோடும் ஊர் திரும்புவார்.

விற்பவர் வாதங்களைப் பகுத்துப் பார்ப்போம். அடிகள் ஏதுப் போலியை, அதாவது போலிக் காரணத்தை, மூன்றாக வகுக்கிறார்: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். பழைய கார் சந்தையில் இம்மூன்றும் அன்றாடம் கிடைக்கின்றன.

“வண்டி எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு சார், அதனால புதுசு மாதிரி.” இது அசித்தம், அதாவது ஏதுவே நிறுவப்படாதது. எட்டாயிரம் என்பது மீட்டர் காட்டும் எண். மீட்டரை மாற்றலாம், அதன் எண்ணைத் திருத்தவும் செய்யலாம். சர்வீஸ் புக்கில் ஆண்டுவாரியாக ஏறிவரும் கிலோமீட்டர், பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம், ஓட்டுநர் இருக்கையின் வெளியோரத் தோல், ஸ்டியரிங்கின் மேல்விளிம்பு ஆகிய நான்கும் ஒரே கதையைச் சொன்னால்தான் ஏது நிலைபெறும்.

“ஒரே ஓனர் வண்டி.” இது அநைகாந்திகம். ஒரே ஓனர் என்பது நல்ல வண்டிக்கும் பொருந்தும், கெட்ட வண்டிக்கும் பொருந்தும். இரு பக்கமும் சாயும் ஏதுவினால் எதையும் சாதிக்க முடியாது. ஐந்து பேர் கைமாறியும் ஒவ்வொருவரும் நேரத்துக்கு பெல்ட் மாற்றியிருந்தால், அந்த வண்டியே மேல்.

மூன்றாவதே பணத்தை விழுங்குவது. “ஷெட்டைவிட்டு வெளியே எடுத்ததே இல்லை, பொத்திப் பொத்தி வச்சிருந்தோம்.” இது விருத்தம்: சொன்ன காரணம் எதிர் முடிவையே நிறுவுகிறது. ஃபெராரி 360 மாடெனாவை எடுத்துக்கொள்வோம். 1999 முதல் 2005 வரை வந்த வண்டி. 3.6 லிட்டர் வி8 எஞ்சின், ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வாக நாற்பது வால்வுகள், 400 குதிரைசக்தி. அந்த நாற்பது வால்வுகளையும் பிஸ்டன்களோடு ஒத்திசைக்க வைப்பது ரப்பர் டைமிங் பெல்ட். வண்டி ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். அதனால்தான் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், பிறகு எஞ்சினைப் பற்றிப் பேச அதிகம் இருக்காது. நின்ற வண்டியில் ஆயில் சீல்கள் காய்ந்து கசியும். பேட்டரி இறங்கும். டயர் ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தட்டையாகும். அந்தக் கால ஃபெராரிகளின் உட்புறப் பொத்தான்கள்மேல் மென்மைக்காக ஒரு பூச்சு பூசியிருந்தார்கள். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அது இளகி விரலில் பிசின் போல ஒட்டும். சித்திரை வெயிலில் காஞ்சிபுரத்துத் தகர ஷெட்டில் பத்தாண்டு நின்ற வண்டியின் உள்ளே கைவைத்துப் பாருங்கள், ஏது எந்தப் பக்கம் பேசுகிறது என்று தெரியும்.

இனிக் காட்சியளவை. காந்தி ரோட்டுக் கடைகளில் புடவை எடுக்கும் நம் ஊர்ப் பெண்கள் முந்தானையைப் பார்த்து மயங்கியதும் உடனே உள்பக்கத்தைத் திருப்புவார்கள். உடலும் கரையும் சேரும் கோர்வை அங்கேதான் பொய் சொல்லாது. காரையும் அப்படித் திருப்ப வேண்டும், அதாவது லிஃப்டில் ஏற்ற வேண்டும். அடித்தட்டின் கீறல்கள், முன்மூக்கின் கீழ்விளிம்பு, ஆயில் ஈரம், டிங்கரிங் பார்த்த இடத்தில் வெல்டிங்கின் நிறவேறுபாடு எல்லாம் அங்கேதான் தெரியும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. காடி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்தாண்டு டயரில் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகம் போவது தற்கொலை.

கண்ணுக்கு எட்டாததைப் பார்க்கவும் வழி உண்டு. 360-இன் எஃப்1 கியர்பாக்ஸில் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கணினி மாட்டிச் சதவீதமாக வாசிக்கலாம். போர்ஷே 911 இன்னும் நேர்மையானது. ஓட்டுநர் தவறான கியரில் போட்டு எஞ்சினை அளவுக்கு மீறிச் சுழற்றியிருந்தால், அந்தக் குற்றத்தை எஞ்சின் கணினி வேக அடுக்கு வாரியாகக் குறித்துவைக்கும், எத்தனையாவது மணிநேர ஓட்டத்தில் நடந்தது என்பது உட்பட. 997 வரிசையில் ஆறு அடுக்குகள். மேல் அடுக்குகளில் எண்கள் இருந்தால், அதுவும் அண்மை மணிநேரத்தில் இருந்தால், அந்த வண்டியை விட்டுவிட வேண்டும். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத விற்பவரிடம் மேற்கொண்டு பேரம் பேசத் தேவையில்லை.

அடுத்து ஆவணம். இங்கே பெரும் புள்ளிகளுக்கு நடந்தவை சாதாரண வாங்குவோருக்குப் பாடம். பிராட்மேனின் 29 டெஸ்ட் சதங்களை எட்டியதற்காக 2002-இல் சச்சின் டெண்டுல்கருக்கு ஃபியட் நிறுவனம் ஷூமாக்கர் கையால் ஒரு 360 மாடெனா பரிசளித்தது. அப்போது இறக்குமதி வரி 120 சதவீதம். அரசு விலக்கு அளித்தது, எதிர்ப்பு கிளம்பியது, நீதிமன்றம் வரை போனது, கடைசியில் ஃபியட்டே வரியைக் கட்டியது. 2011-இல் அந்த வண்டியைச் சூரத்துத் தொழிலதிபர் ஒருவர் வாங்கினார். இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். அவர் வாங்கியபோது வரிக் கேள்வி முடிந்திருந்தது. நம் கைக்கு வரும் வண்டிக்கும் அது முடிந்திருக்க வேண்டும். சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரியைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்திலுள்ளதும் வண்டியில் வெட்டியிருப்பதும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். 2025 செப்டம்பரில் கேரளத்தில், பூட்டான் வழியாகக் கடத்திவந்ததாகச் சொல்லிப் பல வெளிநாட்டு வண்டிகளைச் சுங்கத்துறை கைப்பற்றியது. தாள்கள் எல்லாம் சரி என்று நம்பி வாங்கியவர்கள் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

நேரடியாக வெளிநாட்டிலிருந்தே பழைய வண்டி வரவழைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மூன்று வயதுக்கு மேற்பட்டதை விடமாட்டார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வரவேண்டும். அந்த யோசனையை மேலும் நீட்டுவதில் பயனில்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு பொறி நுழைவு வரி. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிலிருந்து வந்து இங்கே பதிவாகும் வண்டிக்கு அது இருந்தது, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் போயிற்று. நடிகர் விஜய் 2012-இல் இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸுக்கான நுழைவு வரி வழக்கு 2021, 2022 வரை உயர்நீதிமன்றத்தில் நீண்டது. ஆகவே 2017-க்கு முந்தைய வண்டியென்றால் அந்த ரசீதையும் கேளுங்கள். பக்கத்திலிருக்கும் புதுச்சேரிப் பதிவு வண்டி விலை குறைவாகத் தெரியும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும், ஆயுள் வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையைச் சேர்த்துக் கூட்டினால் விலை குறைவு எங்கே போயிற்று என்று தேட நேரும். கடைசியாக வயது. 2025 ஆகஸ்டில் திருத்திய விதிப்படி இருபது வயது தாண்டிய இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 80,000 ரூபாய். கடைசி 360 மாடெனாவும் இன்று அந்த வயதைத் தொட்டுவிட்டது. பழைய பட்டுச் சேலைக்கு வேறொன்றும் இல்லாவிட்டாலும் ஜரிகையின் வெள்ளி உண்டு, எடைபோட்டு வாங்கிக்கொள்வார்கள். மாடெனாவின் சட்டகம் முழுவதும் அலுமினியம். அதை எடைக்குப் போட்டால் அடுத்த புதுப்பித்தல் கட்டணமாவது தேறுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனித் தெரு. இந்த வகை வண்டிகளின் வயிறு தரையிலிருந்து பத்து முதல் பதின்மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். வேகத்தடையில் இடிக்குமே என்ற அச்சத்துக்குக் கணக்கில் விடை இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், பதினேழு மீட்டர் ஆர வளைவு. மாடெனாவின் முன்பின் சக்கர இடைவெளி 2.6 மீட்டர். இரண்டு சக்கரமும் ஒரே வளைவின்மேல் நிற்பதால், நடுவயிற்றுக்கு வளைவு எழும்புவது ஐந்து சென்டிமீட்டர் மட்டுமே. தாராளமாகக் கடக்கலாம். ஆபத்து, தெருக்காரர்கள் தாமே ஜல்லியும் தாரும் கொட்டிப் போட்டுக்கொள்ளும் குறுகிய மேட்டில் இருக்கிறது. சக்கர இடைவெளியைவிட அது குறுகலாக இருப்பதால் அதன் முழு உயரமும் வயிற்றைத் தேடிவரும். வாங்குவதற்கு முன் வீட்டிலிருந்து வெள்ளைகேட் வரைக்கும், பொன்னேரிக்கரை வரைக்கும் டேப் எடுத்துக்கொண்டு நடந்து ஒவ்வொரு மேட்டையும் அளந்துவிட வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் வீடு இருப்பவர் தெருவின் அகலத்தையும் அளக்க வேண்டும். மாடெனா 1.92 மீட்டர் அகலம், கண்ணாடிகள் அதற்கு மேல். நான்கு ராஜ வீதிகளில் தேரே திரும்புகிறது, கார் தாராளமாகத் திரும்பும்.

தெருவில் பணிவும் வேண்டும். காஞ்சிக் கடிகையில் படிக்க வந்த மயூரசர்மன் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட சச்சரவில் புத்தகத்தை விட்டு வாளெடுத்தான் என்றும், கதம்ப அரசு அப்படிப் பிறந்தது என்றும் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. குதிரைமேல் இருப்பவரின் ஒரு நொடித் திமிர் ஒரு நாட்டின் எல்லையையே மாற்றியிருக்கிறது. 400 குதிரையில் வருபவர் சைக்கிளில் பாவு எடுத்துப் போகும் நெசவாளருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, யார் பழுது பார்ப்பார்? தமிழ் நிலம் இதை ஏழு நூற்றாண்டுக்கு முன்பே பெருஞ்செலவில் கற்றுக்கொண்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அரபுக் குதிரைகள் பொன் கொடுத்து வாங்கப்பட்டு, சில மாதங்களில் பெரும்பாலும் செத்துப்போவதைக் குறிக்கிறார். இங்கே குதிரை லாடமும் வைத்தியமும் அறிந்தவர் இல்லை. விற்ற வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடவும் இல்லை, குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும். குதிரைகள் அருமையானவை, வாங்கிய மன்னர்கள் செல்வர்கள், நடுவே லாடக்காரர் ஒருவர் இல்லாததால் அத்தனை பொன்னும் மண்ணாயிற்று. வேற்று நாட்டு வேக வாகனம் வாங்குவது பற்றி இதைவிட முழுமையான ஆவணம் நம்மிடம் வேறில்லை.

ஆகவே என் தீர்ப்பு போர்ஷே 911 பக்கம். சென்னையில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது, காஞ்சியிலிருந்து காலையில் விட்டுவிட்டு மாலையில் திரும்பலாம். லம்போர்கினிக்காரர் பெங்களூருக்குப் பிளாட்பெட் லாரி பேச வேண்டும். 911-இல் பின்னால் இரண்டு சிறு இருக்கைகள் உண்டு, பிள்ளைகளை வரதர் கோயிலுக்கு அழைத்துப் போகலாம். மாடெனாவில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பழைய 996 வேண்டாம், அதன் எஞ்சினுக்குள் ஐ.எம்.எஸ். பேரிங் என்றொரு சிறு உறுப்பு உடைந்து எஞ்சினையே கொண்டுபோன கதைகள் உலகெங்கும் உண்டு. 2008-இல் புது எஞ்சினோடு வந்த இரண்டாம் தலைமுறை 997-இல் அந்தப் பேரிங்கே கிடையாது. அதைத் தேடுங்கள்.

ஓட்டிப் பார்க்க நம் பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கட்டிய 3.7 கிலோமீட்டர் ஓடுதளம் 1990 முதல் இயங்குகிறது. உறுப்பினர் யாரையேனும் பிடித்து, விற்பவரின் எழுத்துச் சம்மதத்தோடு, அரை மணி நேரம் சூடேற ஓட்டினால் கியர்பாக்ஸும் ரேடியேட்டரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். பிறகு ஃபாரம் 29, 30. ஃபைனான்ஸ் இருந்தால் ஃபாரம் 35. வேறு ஆர்.டி.ஓ. என்றால் என்.ஓ.சி. பெயர் மாறி டி.என். 21 எல்லைக்குள் வண்டி வரும் நாளை மட்டும் வைகாசிப் பிரம்மோற்சவத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கருட சேவையன்று ராஜ வீதிகளில் எந்த வண்டிக்கும் இடம் கிடைக்காது.