கால் நிக்காத வண்டி

இன்னாடா பேராண்டி, திண்ணையில சாத்தி வச்சிருக்கியே, இது முழு வண்டிதானா? இல்ல, வர்ற வழியில எவனாவது பாதியைக் கழட்டிக்கினானா? மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, பெல் இல்ல, பிரேக்கும் இல்ல. இவ்ளோ இல்லாததுக்கு அவ்ளோ துட்டு குடுத்தியாமே! எங்க காலத்துல டயனமோ வாங்கி மாட்டினவன் பணக்காரன். இப்போ இருக்கிறதைக் கழட்டினவன்தான் பணக்காரன் போல.

என் முட்டியில கட்டு எதுக்குன்னு அப்புறம் கேளு. மொதல்ல வண்டி கதையை முடிப்போம்.

பின் சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பாத்தேன். பெடலும் கூடவே சுத்துது. பெடலைப் பின்னாடி தள்ளினா சக்கரமும் பின்னாடி போவுது. டிக் டிக்குனு ஒரு சத்தம் வருமே, அதைக் காணோம். அப்பவே புரிஞ்சுபோச்சு, உள்ள பிரீவீல் இல்ல. பல்சக்கரத்தை நேரா சக்கரத்தோட முறுக்கி வச்சிருக்கான். சக்கரம் ஓடுற வரைக்கும் காலும் ஓடணும். இதுக்குப் பேரு ஃபிக்ஸட் கியராம். பெங்களூர்ல இருந்து நம்ம அம்மையார்குப்பத்துக்கு மொத மொத நீதான் கொண்டாந்த மாதிரி மார் தட்டுற.

அடேய், மூணு வயசுல இதே தெருவுல மூணு சக்கர வண்டி ஓட்டினியே, அதுல பெடல் எங்க இருந்துச்சு? முன் சக்கரத்துலயே இல்ல? அதுவும் இதே ஜாதிதான். அந்தக் காலத்துல உன் அத்தை தையல் மெஷின் மிதிச்சாளே, சக்கரம் சுத்துற வரைக்கும் மிதிபலகை ஆடும். நிறுத்தணும்னா காலாலயே அமுக்கிப் புடிக்கணும். தப்பா மிதிச்சா சக்கரம் பின்னாடி சுத்தி நூலு அறுந்துபோவும். எத்தனை நூலு அறுத்து எத்தனை குட்டு வாங்கினா தெரியுமா? அவதான் இந்த வீட்டுல மொத ஃபிக்ஸட் கியர் டிரைவரு.

என் குழித்தறியும் அப்படித்தான். காலு மிதிச்சாதான் பாவு பிரியும், நாடா ஓடும். காலு நின்னா துணி நின்னுச்சு. பவர்லூம் வந்துச்சு, பட்டனைத் தட்டினா போதும்னு காலுக்கு வேலை போச்சு. சத்தத்துல காதும் போச்சு. அதனால உன் ருசி எனக்குப் புரியாம இல்லடா. பிரீவீல் வண்டி, நீ சும்மா குந்தினு இருந்தாலும் கொஞ்ச தூரம் கொண்டுபோவும். இது கொண்டுபோவாது. ரோட்டுல மேடு வந்தா மொதல்ல காலு சொல்லும், அப்புறம்தான் கண்ணு சொல்லும். ஆபீஸ்ல நாளெல்லாம் குந்தினு எதை அமுக்கினா எது நடக்குதுன்னே தெரியாத புள்ளைக்கு, அமுக்கினது அங்கேயே சக்கரத்துல தெரியுறப்போ சந்தோசம் வரத்தான் செய்யும்.

வெள்ளைக்காரன் இதைப் பாத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. 1890-கள் கடைசி வரைக்கும் அவன் ஓட்டினதும் பெரும்பாலும் இதுதான். அப்புறம்தான் பிரீவீல் பரவுச்சு. பிரான்ஸ் தேசத்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஆரம்பிச்ச ஆன்றி தெகிராஞ்சு, கியர் மாத்துற வண்டியெல்லாம் 45 வயசு தாண்டினவங்களுக்குத்தான், எனக்கு ஃபிக்ஸட் கியரே போதும்னு 1902-ல எழுதினாரு. அப்போ அவருக்கு வயசு 37. வயசு இருக்கிறப்போ யாரும் பேசலாம். அந்தப் பந்தயத்துல கியர் மாத்துற வண்டியை விட்டதே 1937-லதான்.

நம்ம புள்ளைங்களும் சளைச்சவங்க இல்ல. அந்தமான் பையன் எசோ ஆல்பென், 2018-ல சுவிட்சர்லாந்துல நடந்த ஜூனியர் உலகப் போட்டியில, கெய்ரின் பந்தயத்துல வெள்ளி வாங்கினான். பிரேக் இல்லாத வண்டியிலதான். ஆனா அந்தப் பந்தயத் தடத்துல எல்லாரும் ஒரே பக்கமாதான் சுத்துவாங்க. கரும்பு டிராக்டர் எதிர்ல வராது, எருமை குறுக்க வராது. ஆர்.கே.பேட்டை ரோட்டுல ரெண்டும் ஒரே நேரத்துல வரும்.

அதனால தாத்தா சொல்றதைக் கேட்டுக்க.

லுங்கி கட்டிக்கினு ஏறாதே. மத்த வண்டியில துணி மாட்டினா காலை நிறுத்தலாம், செயினும் நிக்கும். இது மொத்தத்தையும் உருவிக்கினுதான் விடும். நெசவுக்காரன் ஊருன்னு பாக்காது.

திருத்தணி மலைக்கு ஏறணும்னா 365 படியில நடந்து ஏறு. வண்டியில மலை ரோட்டுல ஏறினாலும், இறங்குறப்போ ஒரு கணக்குப் போட்டுக்க. முன்னாடி 48 பல்லு, பின்னாடி 16 பல்லு. பெடல் ஒரு சுத்துக்கு சக்கரம் மூணு சுத்து, ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல. வண்டி 50 கிலோமீட்டர் வேகம் புடிச்சா காலு நிமிசத்துக்கு 130 தடவை சுத்தணும். முருகன் மயிலே அவ்ளோ வேகமா காலு ஆட்டாது. ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் அந்தப் பக்கமே போவாதே. காவடிக்காரன் மேல உட்டா முருகனே மன்னிச்சாலும் கூட்டம் மன்னிக்காது.

கடைசியா, முன் சக்கரத்துக்கு ஒரு பிரேக் மாட்டு. இங்கிலாந்துல ரோட்டுல ஓட்டணும்னா இந்த வண்டிக்கும் முன் பிரேக் இருந்தே ஆவணும்னு சட்டமே இருக்குது. பிரேக் இருந்தா அழகு போயிடும்ங்கிறியா? பல்லு போனா மட்டும் அழகு நிக்குமா?

இப்போ கேளு, முட்டியில இன்னா கட்டுன்னு. விடியக்காலை நாலு மணிக்கு, தெரு தூங்குறப்போ, ஒரு ரவுண்டு போனேன். கோயில் முனை வரைக்கும் ராஜா மாதிரி போச்சு. திரும்புறப்போ பழக்கதோசத்துல காலை நிறுத்தினேன். வண்டி நிக்கல, நான் நின்னுட்டேன், தரையில.

ஆயாகிட்ட மூச்சு விடாதே. பிரேக்கை இன்னிக்கே மாட்டிடு. நாளைக்கு நாலு மணிக்கு எனக்கு வண்டி வேணும்.