வாய் திறக்காத சொற்பொழிவு

கேள்வி: பேசாமலே கைதட்டல் வாங்கிய எண் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. 147573952589676412927. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல்மணி வைக்கும் கதை தெரியுமல்லவா? 64-க்குப் பதில் 67 கட்டம் இருந்தால் மொத்தம் இவ்வளவு மணி. அதாவது 2-இன் 67-ஆம் அடுக்கு, கழித்தல் 1.

இது பகா எண் என்று 1644-இல் எழுதியவர் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. துறவி சொன்னால் யார் மறுப்பார்கள்? 1876-இல் லூக்கா என்ற கணிதவியலாளர் மறுத்தார். இது பகுபடும் என்று நிரூபித்தார், ஆனால் எதனால் பகுபடும் என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்குள் திருடன் இருப்பது உறுதி, ஆள்தான் சிக்கவில்லை!

1903-இல் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற கணிதவியலாளர் எழுந்தார். கரும்பலகையில் 2-ஐ 67 அடுக்குக்குப் பெருக்கி 1-ஐக் கழித்தார். பக்கத்திலேயே 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார், கையாலேதான். இரண்டு விடையும் ஒன்று. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டார். அரங்கம் அதிர்ந்ததாம். (நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.)

எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டதற்கு, ‘மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்’ என்றாராம். வீட்டம்மா என்ன சொன்னாரோ!