சோக் கம்பி ஏன் சுட்டது?

பழைய ஜீப் வைத்திருக்கிறவன் ஊட்டியில் குடியிருக்க வேண்டும். ராத்திரி மேட்டில் நிறுத்திவிட்டால், காலையில் பேட்டரி படுத்திருந்தாலும் கவலையில்லை. பிரேக்கை விட்டு, இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சைத் தளர்த்தினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். தஞ்சாவூர் மாவட்டத்தில் அந்தப் பாக்கியம் கிடையாது. மேட்டூரில் திறந்துவிடும் தண்ணீர் கடைமடைவரை போய்ச் சேருகிறது என்பதால் இங்கேயும் ஏதோ ஒரு சரிவு இருக்கிறது என்று நம்பத்தான் வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. ஆற்றங்கரையையும் பாலத்து இறக்கத்தையும் விட்டால் மிச்சமெல்லாம் தாம்பாளம்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஓய்வுபெற்ற பௌதிக வாத்தியார் ஒருவர் தினமும் ராத்திரி தன் ஜீப்பைப் புதாற்றுக் கரையில் கொண்டுபோய் நிறுத்தியதன் ரகசியம் இதுதான். மேட்டூர் அணையோடு சேர்த்து 1925-க்கும் 1934-க்கும் இடையில் வெட்டிய கல்லணைக் கால்வாயைத்தான் இங்கே புதாறு என்பார்கள். பாசனத்துக்காக வெட்டிய அந்தக் கால்வாயின் கரை வாத்தியாருக்கு செல்ஃப் மோட்டாராக வேலை பார்த்தது. ஒரே ஒரு சங்கடம், பிரேக்கும் ஜீப்பின் வயசுதான். எதிர்ப்பக்கம் உருண்டால் தண்ணீர்.

ஜீப் மஹிந்திரா சிஜே-3பி, 1972 மாடல். வில்லிஸ் கம்பெனி 1953-ல் அமெரிக்காவில் கொண்டுவந்த வண்டி. உயரமான புது இன்ஜினை உள்ளே அடக்குவதற்காக பானெட்டைத் தூக்கிக் கட்டினார்கள். அதனால் எந்நேரமும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். அமெரிக்காவில் 1968-லேயே அதற்கு விடை கொடுத்துவிட்டார்கள். நாம் அப்படியெல்லாம் எதையும் சீக்கிரம் விடுகிறவர்கள் இல்லை. இங்கே அதற்குப் பிறகும் பல வருஷம் வந்துகொண்டிருந்தது.

ஜீப்புக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவே கொஞ்சம் சிக்கலானது. 1948-ல் லண்டனில் இந்திய ஹை கமிஷனராக இருந்த வி.கே.கிருஷ்ண மேனன் ராணுவத்துக்கு ஜீப் வாங்க 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வந்து இறங்கியவை 155. அவையும் உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று பெரிய ரகளை ஆனது. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் சர்ச்சை என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். வண்டி ஓடியிருந்தால் பேச்சு அவ்வளவு தூரம் போயிருக்காது என்பது வாத்தியாரின் கட்சி.

டீசல் ஜீப்பாக இருந்தால் இத்தனை பாடு இல்லை. பழைய டீசல் இன்ஜின் ஒருமுறை உயிர் பெற்றுவிட்டால் மின்சாரத்தின் தயவு அதற்குத் தேவையில்லை. பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்தாலும் ஊர் போய்ச் சேரும். வாத்தியாருடையது பெட்ரோல். காயிலுக்குக் கரண்ட் போனால்தான் பிளக்கில் பொறி வரும். டைனமோ சார்ஜ் ஏற்றாவிட்டால் பேட்டரியில் இருக்கிற கையிருப்பைத்தான் தின்ன வேண்டும். ஆகவே ராத்திரிப் பயணத்தில் ஹெட்லைட்டா ஹார்னா என்று முடிவுசெய்ய வேண்டிய நிலைமை வந்தது. இரண்டும் சேர்ந்தால் இன்ஜின் இருமும். வாத்தியார் ஹெட்லைட்டை வைத்துக்கொண்டு, மாட்டுக்கும் மனுஷனுக்கும் தலையை வெளியே நீட்டிக் குரல் கொடுத்தார். முப்பது வருஷம் வகுப்பெடுத்த தொண்டை, ஹார்னைவிட நன்றாகவே கேட்டது.

இது அவர் சொந்தப் பிரச்சினையாகவே இருந்திருக்கும், கஜா மட்டும் வராமலிருந்தால். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரையேறிய அந்தப் புயல் டெல்டாவின் தென்னையையும் மின்கம்பத்தையும் பாரபட்சமில்லாமல் சாய்த்தது. கரண்ட் திரும்பி வர சில இடங்களில் வாரக்கணக்கில் ஆனது. அப்போது தெருவுக்கே செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தது இந்த ஜீப்தான். பானெட்டைத் திறந்துவைத்து, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, கொத்துக் கொத்தாகப் போன் தொங்கியது. அன்றிலிருந்து அந்த பேட்டரியில் ஊருக்கே பாத்தியதை. பின்னாளில் அதே ஜீப் தனக்கே சார்ஜ் ஏற்றிக்கொள்ள முடியாமல் தவித்தபோது, போன் மாட்டிய ஒவ்வொருவருக்கும் யோசனை சொல்லும் உரிமை வந்துவிட்டது.

“பேட்டரி போச்சு சார்” என்றது டீக்கடை. புது பேட்டரி வந்தது. சில நாள் செல்ஃப் எடுத்தது, பிறகு ‘க்ளக்’ என்று ஒரு சத்தத்தோடு நிறுத்திக்கொண்டது. “அப்ப டைனமோதான் சார்” என்று டீக்கடை அலட்டிக்கொள்ளாமல் கட்சி மாறியது. டைனமோவைக் கழற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ப் புதுக் கார்பன் போட்டு, ஆர்மேச்சரைக் கடைந்து வாங்கி வந்தார்கள். டைனமோவுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அதன் இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சக் காந்தத்தை வைத்துத்தான் அது மின்சாரத்தை ஆரம்பிக்கும். ரொம்ப நாள் சும்மா கிடந்தால் அந்தக் காந்தம் போய், தான் யார் என்பதையே மறந்துவிடும். பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து ஃபீல்டு முனையில் லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும். ‘சிடுக்’கென்று பொறி பறந்ததும் ஞாபகம் திரும்பிவிடும். வாத்தியாரே தொட்டார். ஞாபகம் வந்தது, சார்ஜ் வரவில்லை.

அடுத்த சந்தேகம் கட்-அவுட் பெட்டிமேல். இன்ஜின் நின்றதும் பேட்டரிக்கும் டைனமோவுக்கும் உள்ள தொடர்பைத் துண்டிப்பது அதன் வேலை. அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் பேட்டரி திரும்பி டைனமோவுக்கே கரண்ட்டைக் கொட்டும்; நிற்கிற வண்டியில் டைனமோ சூடேறும். தொட்டுப் பார்த்தார்கள். ஐஸ் மாதிரி இருந்தது.

பிறகு எலி. இது நியாயமான சந்தேகம்தான். சம்பா அறுப்பு முடிந்தால் வயலில் வேலையிழந்த எலிகள் வைக்கோல் போருக்கும் அங்கிருந்து ஜீப்புக்கும் குடிவரும். வயல் எலிக்கென்றே இந்தப் பக்கம் மூங்கிலில் வில் மாதிரி வளைத்துக் கட்டும் பொறி உண்டு. வேளாண்மைப் புத்தகங்களே அதைத் தஞ்சாவூர்க் கிட்டி என்றுதான் எழுதுகின்றன. அதில் ஒன்றை பானெட்டுக்குள் வைக்கலாம் என்று ஒருவர் சொல்ல, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது தான்தான் என்பதை நினைவுபடுத்தி வாத்தியார் விரலைக் காப்பாற்றிக்கொண்டார். ஒயரைப் பிரித்துப் பார்த்ததில் பழைய பல்தடம் இரண்டு கிடைத்தது, செம்புக்குச் சேதமில்லை.

இத்தனை அமளியில் யாரும் சட்டை செய்யாத தடயம் ஒன்று இருந்தது. சோக் இழுக்கும் குமிழ் சுட்டது. வண்டி கிளம்பாமல் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருந்தால், டாஷ்போர்டில் இருக்கும் அந்தக் குமிழும் அதன் பின்னால் போகும் கம்பியும் கை வைக்க முடியாமல் கொதிக்கும். “இன்ஜின் சூடு சார்” என்று டீக்கடை தீர்ப்புச் சொன்னது. ஓடாத இன்ஜினுக்கு ஏது சூடு என்று கேட்க அங்கே ஆளில்லை.

கேட்டவர் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஒருகாலத்தில் வாத்தியாரிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். அதனால் பீடியைத் தூர எறிந்துவிட்டுத்தான் ஜீப்புக்குக் கிட்டே வந்தார். பேட்டரியைத் தொடவில்லை, டைனமோவைக் கழற்றவில்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை இன்ஜின் இரும்பிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “செல்ஃப் அடிங்க சார்” என்றார்.

இரண்டும் ஒரே எர்த். நடுவே அரை வோல்ட்டுக்குமேல் காட்டக் கூடாது. நாலு காட்டியது.

சிவப்பு முனையை இன்ஜினிலிருந்து எடுத்து சேஸில் வைத்தார். இப்போது ஏறக்குறைய பூஜ்யம். அப்படியானால் பேட்டரியிலிருந்து சேஸ்வரை சரி, சேஸிலிருந்து இன்ஜினுக்குத்தான் வழி அடைபட்டிருக்கிறது. அந்த இன்ஜின் ரப்பர் மவுண்டிங்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. அதற்காகவே பின்னல் செம்பில் ஒரு பட்டை இரண்டையும் இணைத்துக்கொண்டிருக்கும். எலக்ட்ரீஷியன் அடியில் படுத்து அதன் போல்ட்டைக் கழற்றினார். பட்டைக்கும் சேஸுக்கும் நடுவே பளபளவென்று கறுப்புப் பெயிண்ட்.

ஆயுத பூஜைக்கு அடித்த பெயிண்ட். பட்டையைக் கழற்றி, சேஸுக்கு இரண்டு கோட்டு அடித்து, காய்ந்ததும் அதன்மேலேயே இறுக்கி முடுக்கியிருந்தார்கள். சந்தனமும் குங்குமமும் ஸ்டியரிங்கிலிருந்து ஜாக்கிவரை எல்லாவற்றுக்கும் வைத்தார்கள். எர்த்துக்கு வைத்தது பெயிண்ட். வீடு திரும்ப வழியில்லாத கரண்ட் சோக் கம்பி, ஆக்சிலேட்டர் கம்பி என்று கிடைத்த சந்திலெல்லாம் புகுந்து போயிருக்கிறது. நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிற செல்ஃபுக்கு சோக் கம்பி எந்த மூலைக்கு? அதனால்தான் சுட்டது. டைனமோவும் இன்ஜினோடு ஒட்டியது, கட்-அவுட்டோ பாடியில் இருக்கிறது. இருவருக்கும் எர்த் வேறாகிப்போனதால், டைனமோ அனுப்புவது ஒன்று, கட்-அவுட் கணக்குப் பார்ப்பது வேறொன்று.

முன்பு பார்த்தவர்களும் எர்த்தைச் சோதிக்காமலில்லை. டெஸ்ட் லேம்ப் வைத்தார்கள், பல்ப் எரிந்தது, எர்த் நல்லாயிருக்கு என்றார்கள். சின்ன பல்புக்கு அரை ஆம்பியர் போதும், அது சோக் கம்பி வழியாகவே தாராளமாக வந்துவிடும். பெரிய பாரம் ஏறும்போதுதான் பாலம் வலுவில்லை என்று தெரியும். வாத்தியாருக்கு இதில்தான் மனசு ஆறவில்லை. வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் கரும்பலகையில் எத்தனையோ வருஷம் எழுதியவர். அவர் போட்ட படங்களில் பேட்டரிக்குத் திரும்பிவரும் கோட்டைச் சாக்பீஸால் அழுத்தமாக வரைந்திருப்பார். ஜீப்பில் அந்தக் கோட்டையே காணோம்; தகரம், இரும்பு, போல்ட் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கோடு.

உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் பட்டையை வைத்து முடுக்கினார் எலக்ட்ரீஷியன். செல்ஃப் முதல் தட்டிலேயே எடுத்தது. இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றிவிட்டதும் மீட்டரில் 14 வோல்ட். கூலி கேட்கக் கூச்சப்பட்டார். உப்புத்தாள் விலையைச் சொன்னார்.

அந்த உற்சாகத்தில் வாத்தியார் விண்டேஜ் பதிவுக்கு மனுப் போடக் கிளம்பினார். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, சேஸ், பாடி, இன்ஜின் மூன்றும் மாறாத வண்டியை விண்டேஜாகப் பதியலாம். நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இதை அவர் வாசித்துக் காட்டியபோது, அவர் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஏங்க, பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் மட்டும்தான் எடுக்கணும்னு சட்டமே சொல்லுதா?”

“ஆமா.”

“அப்ப இத்தனை வருஷமும் நீங்க சட்டப்படிதான் ஓட்டியிருக்கீங்க. இருபதாயிரம் எதுக்கு?”