பாதுகாப்பான இடத்தின் விலாசம் கேட்டுக் கூண்டுக்கு ஒரு மனு

அனுப்புநர்:
ஒரு ஃபைபர் படகுக்கும் தவணை முடியாத ஓர் இன்ஜினுக்கும் சொந்தக்காரன்,
நாகை மாவட்டக் கடலோரம்.

பெறுநர்:
உயர்திரு புயல் எச்சரிக்கைக் கூண்டு அவர்கள்,
கொடிமரம், துறைமுகம்.

பொருள்: படகுகளை நிறுத்தச் சொன்ன 'பாதுகாப்பான இடம்' – விலாசம் கேட்டல் – தொடர்பாக.

பார்வை: தங்களது 3-ம் எண், இன்று காலை ஏற்றப்பட்டது.

மேன்மை தாங்கிய கூண்டு அவர்களே,

தாங்கள் நலமாகத் தொங்கிக்கொண்டிருப்பதை இன்று காலை டீக்கடைத் தொலைக்காட்சியில் கண்டேன். நேரில் தரிசித்ததில்லை. "கூண்டு ஏத்தியாச்சு" என்ற பேச்சை மட்டும் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறேன். சின்ன வயதில், புயலைப் பிடித்துக் கிளி மாதிரி உள்ளே அடைத்துவிட்டார்கள் என்று நம்பி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது, கூண்டுக்குள் ஒன்றும் இல்லை என்று.

துறைகளை விட்டுவிட்டுத் தங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. மீனுக்கு ஓர் அலுவலகம், துறைமுகத்துக்கு வேறோர் அலுவலகம், கரைக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று. முகத்துவாரம் தூர்ந்து கிடக்கிறதே, அந்த மணலை யார் அள்ளுவது என்று கேட்டுப் போனோம். அது ஆறு கொண்டுவந்த மணலா, கடல் கொண்டுவந்த மணலா என்று திருப்பிக் கேட்டார்கள். மணலிடம் விசாரித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். தாங்கள் ஒருவர்தான் எப்போதும் இருப்பிடத்தில் இருப்பவர். "ஐயா கேம்ப் போயிருக்கிறார்" என்று தங்களைப் பற்றி எவரும் சொல்ல முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மாலை ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அறிவித்தார்கள். இரண்டே வாக்கியம். மீனவர்கள் யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம். படகுகளைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி வைக்கவும்.

முதல் வாக்கியத்தில் எங்களுக்குத் தகராறு இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது கன்னியாகுமரிப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் எச்சரிக்கைக்கு முன்பே கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தன. எத்தனையோ பேர் திரும்பவில்லை. அதை நினைத்தால் பகடி வாயில் வராது. இப்போது நாலைந்து நாள் முன்கூட்டியே தகவல் வருகிறது, செல்போனில் வருகிறது, படகில் வைத்த கருவியிலும் வருகிறது. இதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும்.

இரண்டாவது வாக்கியம்தான் இந்த மனு. அந்த இடம் எங்கே இருக்கிறது? எந்தத் தாலுகா? சர்வே எண் என்ன? பட்டா யார் பேரில்? ஊர்ப் பஞ்சாயத்தார் கூடித் தேடிவிட்டோம். கிடைக்கவில்லை.

தங்கள் வம்சாவளியை விசாரித்தபோது ஓரளவு புரிந்தது. 1864-ல் கல்கத்தாவைப் புயல் அடித்து, ஆற்றில் நின்ற கப்பல்களைச் சூறையாடியது. வெள்ளைக்காரத் துரைமார் விழித்துக்கொண்டு மறு ஆண்டே அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு செய்தார்கள். ஆக, தாங்கள் கப்பலுக்காகப் பிறந்தவர். பெரிய எண் ஏறினால் கப்பல் என்ன செய்யும்? நங்கூரத்தை எடுத்துக்கொண்டு நடுக்கடலுக்குப் போய்விடும். கரையில் முட்டாமல் ஆழத்தில் கிடப்பதுதான் அதற்குப் பத்திரம். கப்பலுக்குப் பாதுகாப்பான இடம் கடல். அந்த ஒரு இடத்துக்குத்தான் எங்களைப் போகக் கூடாது என்கிறீர்கள். சரியான பேச்சுதான், முப்பதடி ஃபைபர் படகு நடுக்கடலில் புயலைச் சந்தித்தால் சங்குதான். ஆனால் கப்பலுக்குக் கடலைக் கொடுத்தவர்கள் படகுக்கு என்ன கொடுத்தார்கள் என்று தங்களையல்லாமல் யாரைக் கேட்பது?

தங்கள் 5-ம் எண்ணைப் பற்றியும் ஒரு சந்தேகம். புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கரை கடக்கும் என்பது அதன் பொருளாம். 6 என்றால் வலப்பக்கம். 7 என்றால் நேராகத் தலைக்கு மேலே. 8, 9, 10 என்பவை இதே மூன்றும்தான், காற்று மட்டும் அசுரத்தனம். செய்தி வாசிப்பவர்கள் இதைச் சுருக்கி, "துறைமுகத்தின் இடதுபக்கமாகக் கடக்கும்" என்கிறார்கள். துறைமுகத்துக்கு ஏதய்யா இடது? கடலைப் பார்த்து நிற்கிற எனக்கு இடது என்றால் வடக்கு. கடலுக்கு முதுகைக் காட்டி மேசைமுன் உட்கார்ந்திருப்பவருக்கு இடது என்றால் தெற்கு.

இது வெறும் திண்ணைச் சண்டையில்லை. புயல் எங்களுக்கு வடக்கே கடந்தால் கச்சான் அடிக்கும். காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும், கடல் வாங்கும். படகு கடலோடு ஓடாதபடி மேற்கே இழுத்துக் கட்ட வேண்டும். தெற்கே கடந்தால் கொண்டல். கடல் ஏறி அடுப்படிக்கு வரும். அப்போது கயிறு உதவாது, படகையே இன்னும் நூறடி உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒரு சொல்லில் இருக்கிற இடதும் வலதும் மாறினால் நாங்கள் படகை நேர்மாறான பக்கத்தில் கட்டிவிட்டு, கட்டினோம் என்ற திருப்தியோடு தூங்குவோம். நல்லவேளையாக எங்கள் பெரியப்பா இருக்கிறார். அவர் தங்கள் எண்ணைப் பார்ப்பதில்லை. வாடை எந்த நேரத்தில் திரும்புகிறது என்று கன்னத்தால் பார்த்துச் சொல்கிறார். அவருக்கு எண்பதை நெருங்கிவிட்டது. அவருக்குப் பிறகு இடது எது என்று யாரைக் கேட்போம் என்ற கவலை ஊரில் இருக்கிறது.

நாங்கள் செய்கிற ஆயத்தங்களையும் தங்கள் மேலான கவனத்துக்கு வைக்கிறேன்.

முதலில் இன்ஜினைக் கழற்றுவோம். அது இப்போது என் வீட்டுச் சாமி மாடத்துக்குக் கீழே பாயில் படுத்திருக்கிறது. மாதாவுக்கும் முருகனுக்கும் ஒன்றாக டீசல் வாசம். வலை உள்ளறை முழுவதும். "ஏங்க, இந்த வீட்டுல பத்திரமா இருக்கறது இன்ஜின் ஒண்ணுதான்" என்றாள் மனைவி. எங்களுக்குப் புயல் பாதுகாப்பு மையம் இருக்கிறது. சோறு, பாய், குழந்தைக்குப் பால் பவுடர் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. போனமுறை வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றவர், "எத்தனை தலை?" என்று கேட்டார். "நாலு தலை, ஒரு படகு" என்றேன். தலையை மட்டும் குறித்துக்கொண்டார்.

பிறகு படகை மேலே ஏற்றுவது. இருபது பேர் சேர்ந்து தோள்கொடுத்தால் ஏறும். ஆனால் எல்லாப் படகும் ஒரே நாளில் ஏற வேண்டும், எல்லாத் தோளும் ஒரே நாளில் வேண்டும். டிராக்டர் வைத்திருப்பவருக்கு அன்று திருவிழா. ஃபைபர் படகு கனம் குறைவு, காற்று புரட்டிப் போட்டுவிடும். ஆகவே உள்ளே மண்ணையோ தண்ணீரையோ நிரப்புவோம். தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று வருஷமெல்லாம் பாடுபட்ட படகில் நாங்களே குடத்தால் மொண்டு ஊற்றுவதைப் பார்த்தால் தாங்களே சிரித்துவிடுவீர்கள்.

எதில் கட்டுவது? தென்னையில் கட்டினோம், 2018-ல். அந்த நவம்பர் 16 அதிகாலை கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே, கடுங்காற்றோடு கரை கடந்தது. கயிறு அறவில்லை, முடிச்சு அவிழவில்லை. தென்னை வேரோடு சாய்ந்து, தன்னில் கட்டியிருந்த படகின் மேலேயே விழுந்தது. காப்பாளரே கைதியின் மேல் விழுந்த கதை. எச்சரிக்கை முன்னாலேயே வந்திருந்தது, நாங்களும் கடலுக்குப் போகவில்லை. அப்படியும் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் நிறுத்தி வைத்த விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. புஷ்பவனத்திலும் ஆறுகாட்டுத்துறையிலும் கடல் தன் அடிச்சேற்றையே அள்ளி வந்து ஊருக்குள் கொட்டிவிட்டுப் போனது. அத்தனையும் கரையில் நடந்தது.

விசைப்படகுக்காரர்களின் கதை இன்னும் விசேஷம். அவர்களுக்குத் துறைமுகம் உண்டு. அதில் ஒன்றையொன்று அணைத்துக் கட்டி, நடுவில் லாரி டயர்களைத் தொங்கவிடுவார்கள். டயர் வழுக்கைதான், அதற்கும் புயலன்று விலை ஏறும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் தண்ணீர் ஏறும்போது படகு எழும்ப முடியாமல் ஒரு பக்கம் சாயும். தளர்த்திக் கட்டினால் பக்கத்துப் படகை இடிக்கும். இராத்திரி முழுக்க யாராவது ஒருவர் உள்ளே இருந்து, தண்ணீர் ஏற ஏறக் கயிற்றைத் தளர்த்தி, இறங்க இறங்க இழுத்து, பம்பு போட்டுக்கொண்டிருந்தால்தான் படகு பிழைக்கும். ஆனால் படகில் யாரும் தங்கக் கூடாது என்பது உத்தரவு. அதுவும் நியாயமான உத்தரவுதான். ஆக, ஆளைக் காப்பாற்றினால் படகு போகும், படகைக் காப்பாற்றப் போனால் ஆள். என் மச்சான் ஒவ்வொரு புயலுக்கும் "நான் மையத்துக்குப் போறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் படகுக்குப் போகிறான். அக்காவுக்கும் தெரியும். தூக்குச்சட்டியில் இரண்டு வேளைச் சோறு கட்டித் தருகிறாள்.

2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகே கரை கடந்த இரவில், சென்னைக் காசிமேட்டில் கட்டிவைத்த படகுகளே மோதி உடைந்தன. தலைநகரத்துத் துறைமுகத்துக்கே அந்தக் கதி.

ஆற்றுக்குள் கொண்டுபோகலாமே என்பீர்கள். பெரியப்பா காலத்தில் அதைத்தான் செய்தார்கள். முகத்துவாரத்தில் நுழைந்து, உப்பங்கழியில் வளைந்து, அலையாத்திக் காட்டின் மறைவில் நிறுத்திவிட்டு வந்தால் வேர்கள் அலையை அரைத்துத் தின்றுவிடும். பெயரிலேயே வேலை இருக்கிற மரம். உண்மையைச் சொன்னால் பாதுகாப்பான இடம் என்று இந்தக் கரையில் ஒன்று இருந்தது, அது அதுதான். இப்போது வாயில் மணல் மேடு. தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் நுழைய முடியும். இருநூறு படகும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் காத்து நின்றால் புயல் வரிசையில் முந்திவிடும். தூர் வாருங்கள், தூண்டில் வளைவு கட்டிக் கொடுங்கள் என்று எங்கள் ஊர் கேட்கத் தொடங்கியபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் மகன் இப்போது வலை பின்னுகிறான்.

பெயர் வைப்பதில் குறையே கிடையாது. அதற்கு 13 நாடுகள் கூடி 2020-ல் 169 பெயர்களைத் தயாராக எழுதி வைத்திருக்கின்றன. அதற்கு முந்தைய பட்டியலில் இருந்த கஜா இலங்கை வைத்த பெயர். ஃபெஞ்சல் சவுதி அரேபியா வைத்தது. நம் நாட்டுப் பட்டியலில் 'முரசு', 'நீர்' என்று தமிழ்ச் சொற்களும் உண்டு என்பதில் எங்களுக்குப் பெருமைதான். நாளை முரசு வந்து அடித்தால் தாய்மொழியில் உடைந்தோம் என்று ஆறுதல் கொள்ளலாம். பிறக்காத புயலுக்குப் பதின்மூன்று நாடுகள் பெயரை ஒதுக்கி வைத்திருக்கின்றன. பிறந்து, பதிவு எண் போட்டு, வங்கியில் அடமானமும் வைத்த படகுக்கு முப்பதடி இடம் ஒதுக்க ஒரு வட்டமும் இல்லை.

நிவாரணம் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. பேரிடர் நிவாரண நிதிக்காக மத்திய அரசு 2022-ல் வகுத்த விதிப்படி, முழுதும் சேதமான படகுக்கு 15,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 6,000. மாநிலம் தன் பங்குக்குக் கூட்டித் தருவதும் உண்டு, நன்றி. ஆனால் முழுது எது, பகுதி எது என்பதில் வேதாந்தம் புகுந்துவிடுகிறது. அணியம் மட்டும் மிஞ்சிய படகு பகுதி சேதமா? பார்க்க வருகிறவர் வரும்வரை உடைந்த படகை உடைந்தபடியே வைத்திருக்க வேண்டும். ஓட்டையை அடைத்தால் சேதமில்லை என்பார்கள், அடைக்காவிட்டால் அடுப்பு எரியாது. கடலோடு போன படகுக்கு ஆதாரமாகப் படகின் படம் கேட்டதும் உண்டு. முழுச் சேதம் என்று சான்று வாங்குவதற்கு எடுக்கும் சிரமத்தைப் பார்த்தால், புயல் கொஞ்சம் அலட்சியமாக வேலை செய்துவிட்டுப் போனதோ என்று தோன்றும்.

தங்களிடம் 11-ம் எண் ஒன்று உண்டாமே. வானிலை அலுவலகத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருக்கிறது என்று உள்ளூர் அதிகாரி தாமாகவே முடிவு செய்கிறார் என்று அதற்குப் பொருள் என்கிறார்கள். எங்கள் குப்பத்துக்கு அந்த எண்ணை நிரந்தரமாக ஏற்றிவைக்கலாம். புயல் இல்லாத நாளிலும் நிலைமை அதுதான்.

இந்த மனுவை முடிக்கும்போது 3 இறங்கி 5 ஏறியிருப்பதாகப் பையன் ஓடிவந்து சொல்கிறான். எந்த இடது என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. பெரியப்பா வாசலில் நின்று கன்னத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். என் படகு தற்சமயம் எங்கள் தெருவில், ரேஷன் கடை வாசலில், மின்கம்பத்தில் கட்டப்பட்டு நிற்கிறது. கம்பத்தில் கட்டக் கூடாது என்று மின்வாரிய ஊழியர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தங்கள் பதிலை அந்த விலாசத்துக்கே அனுப்பவும். காற்று திரும்புவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள படகுக்காரன்.

இணைப்பு: கயிறு வாங்கிய ரசீது நகல் – 1.