பின்னா, திருகா?

பழைய வீடுகளில் பல்பு மாற்றும் பணி மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலில் பீஸ் போன பல்பைக் கழற்ற வேண்டும். அடுத்து கடைக்குப் போக வேண்டும். கடைசியாக, பொருந்தாத ஒரு பல்போடு வீடு திரும்ப வேண்டும். இந்த மூன்றாம் கட்டத்தைத் தவிர்க்க எளிய முறை ஒன்று உண்டு. ஹோல்டர் வகைகளைத் தெரிந்துகொண்ட பிறகே அது விளங்கும் என்பதால், வகைகளை முதலில் பார்த்துவிடுவது நல்லது. போன வாரம் வரை நல்ல வெளிச்சத்தில் குளித்துவந்த ஒரு குடும்பம், இந்த வாரம் கைபேசி டார்ச்சைச் சோப்புப் பெட்டியில் சாத்திவைத்துக் குளித்துக்கொண்டிருப்பதால், விஷயம் அவசரமானதும்கூட.

நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவருவது பின் ஹோல்டர். பல்பின் உலோகக் கழுத்தில் எதிரெதிராக இரண்டு குமிழ்கள் இருக்கும். அழுத்தி லேசாகத் திருப்பினால் உட்கார்ந்துகொள்ளும். கழுத்தின் விட்டம் 22 மில்லிமீட்டர் என்பதால் தொழில்முறையில் இதற்கு பி22 என்று பெயர். பிரிட்டனில் புழங்கி, இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா என்று அந்த நாட்டுக் கொடி பறந்த பல இடங்களில் தங்கிவிட்ட வகை இது. மற்றது எடிசன் பெயரால் வழங்கும் திருகு வகை. ஐரோப்பாவில் இதன் விட்டம் 27 மில்லிமீட்டர். அமெரிக்கர்கள் 26 மில்லிமீட்டர் வைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு மில்லிமீட்டரில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று தெரியவில்லை.

இரண்டும் தனித்தனி நாடுகளில் இருந்தவரை சிக்கல் இல்லை. வீடு கட்டும்போது ஆசைப்பட்டு வாங்கிய ஃபேன்சி லைட்டும், மச்சினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மேசை விளக்கும் சேர்ந்து இரண்டையும் ஒரே கூரையின்கீழ் குடிவைத்துவிட்டன. எனவே எலக்ட்ரிக்கல் கடை அண்ணாச்சி தலை நிமிராமல் கேட்கும் முதல் கேள்வி, “பின்னா, திருகா?” வாடிக்கையாளர் உடனே கடையின் கூரையை அண்ணாந்து பார்ப்பார். பதில் அங்கே இருக்காது. வீட்டுக்குப் போன் செய்து கேட்டால், “பல்பு மாதிரிதாங்க இருக்கு” என்று தகவல் வரும். அதற்குள் அண்ணாச்சி இரண்டாம் கேள்விக்குப் போயிருப்பார்: “வெள்ளையா, வார்மா?” வெள்ளை என்பது 6500 கெல்வின், வார்ம் என்பது 2700 அல்லது 3000 கெல்வின். மஞ்சள் பல்பு போய்விட்டது என்று மகிழ்ந்து வெள்ளைக்கு மாறிய சமூகம், இப்போது கூடுதல் விலை கொடுத்து மஞ்சளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறது.

அனுபவசாலிகள் செத்த பல்பை நாளிதழில் சுற்றி மாதிரிக்கு எடுத்துப் போவார்கள். அண்ணாச்சி அதை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். அது செத்துவிட்டது என்று முன்பே சொல்லியிருந்தாலும் ஆட்டுவார்.

சிறிய வகைகளை நீட்டத் தேவையில்லை. 14 மில்லிமீட்டர் திருகு சரவிளக்கிலும் சில ஃபிரிட்ஜுகளிலும் இருக்கும். தையல் மெஷின் பல்பு சிறிய பின்னாகவும் இருக்கலாம், சிறிய திருகாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் கடையில் இருப்பது மற்றதுதான். ஜீரோ வாட்ஸ் பல்பு, பெயரை மீறி, 15 வாட் வரை மின்சாரம் குடிக்கும். சக்கர மீட்டர் அதைக் கண்டுகொள்ளாது என்ற நம்பிக்கையில் அது பல வீடுகளில் விடிய விடிய எரிந்தது.

எளிய முறைக்கு வருவதற்கு முன் டியூப்லைட்டைச் சொல்லிவிட வேண்டும். பல்பு எரியவில்லை என்றால் குற்றவாளி பல்புதான். டியூப்லைட் எரியவில்லை என்றால் சந்தேகத்துக்கு உரியவர்கள் நால்வர்: டியூப், ஸ்டார்ட்டர், சோக், இருமுனை ஹோல்டர்கள். விசாரணைக்கு வீட்டில் மூவர் தேவை. ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஒருவர், சுவிட்சைப் போட்டு நிறுத்த ஒருவர், “இன்னும் கொஞ்சம் திருப்புங்க” என்று கீழே நின்று சொல்ல ஒருவர். ஸ்டூல் மேல் நிற்பவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவர் கருவி.

விசாரணை விலை வரிசையில் நடக்கும். செலவில்லாதது டியூபைத் திருப்பிப் பார்ப்பது. 13 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பின்களும் ஹோல்டருக்குள் சரியாகத் தொடாமல் இருந்தால் இதிலேயே எரிந்துவிடும் என்பதால், இந்தச் சடங்குக்கு அறிவியல் ஆதாரம் உண்டு. அடுத்தது ஸ்டார்ட்டரைத் திருகுவது. அதற்கும் மசியாவிட்டால் ஹால் விளக்கின் ஸ்டார்ட்டரைக் கழற்றி இங்கே போட்டுப் பார்ப்பது. ஸ்டார்ட்டருக்குள் சிறு கண்ணாடிக் குமிழியில் வாயுவும், சூட்டில் வளையும் ஈருலோகத் தகடும் இருக்கின்றன. தகடு ஒட்டி விலகும் கணத்தில் சோக் உயர் மின்னழுத்தத்தை உதைத்துத் தள்ள, டியூப் பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகு ஸ்டார்ட்டருக்கு வேலையில்லை. கழற்றி எடுத்தாலும் விளக்கு எரியும். ஆகவே ஒரே ஸ்டார்ட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போய் வீடு முழுவதற்கும் விளக்கேற்றிவிட முடியும். இயற்பியல் இதை அனுமதிக்கிறது. சில சிக்கனக்காரர்களும் அனுமதித்திருக்கிறார்கள்.

கழற்றிய ஸ்டார்ட்டர்களை எறிவதில்லை. அவை பீரோ இழுப்பறைக்குள் போகும். நல்லது எது, கெட்டது எது என்று அங்கே பாகுபாடு கிடையாது. அடுத்த முறை விளக்கு அணையும்போது மொத்தத்தையும் எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, மீண்டும் மொத்தமாக உள்ளே வைப்பார்கள். முனைகள் மட்டும் சிவந்து நடுவில் இருண்டு கிடந்தால் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டது என்று பொருள். முனைகள் கறுத்திருந்தால் டியூப் முடிந்தது. ரீங்காரம் கேட்டால் சோக். இவ்வளவும் தெரிந்திருந்தும் குடும்பம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கும், சுவரை உட்பட. இடையில் டியூப் ஒருமுறை கண்சிமிட்டிவிட்டால் போதும், அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே அர்ப்பணம்.

டியூபின் பருமனையும் சொல்ல வேண்டும். டி எழுத்துக்குப் பின் வரும் எண், அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். டி12 என்றால் 38 மில்லிமீட்டர். அந்தத் தடித்த 40 வாட் டியூப்தான் தாத்தா காலத்தது. அதன் இடத்தில் 26 மில்லிமீட்டர் டி8 வந்தது, 36 வாட். பழைய பட்டியிலேயே சமர்த்தாக உட்கார்ந்தது. பிறகு டி5 வந்தது. அதையும் கடைக்காரர்கள் நாலடி என்றே விற்றார்கள். ஆனால் 28 வாட் டி5-இன் நீளம் 1149 மில்லிமீட்டர். பழைய டியூப் 1200. பின்களின் இடைவெளியும் 5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. நாலடி என்று வாங்கியது நாலடிப் பட்டியில் 5 சென்டிமீட்டர் குறைந்து தொங்கும்போது, யாரைக் கேட்பது? எல்இடி டியூப் வந்ததும் நீளம் சரியானது. பதிலுக்கு ஸ்டார்ட்டரை எடு, சோக்கைத் தவிர்த்து ஒயரை மாற்று என்று கட்டளைகள் வந்தன. அவை பெட்டியின் அடியில் எறும்பளவு எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்க நல்ல வெளிச்சம் வேண்டும்.

குண்டு பல்பின் வரலாறு சிறியது, ஆனால் கசப்பானது. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் பெரிய பல்பு நிறுவனங்கள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்தன. பல்பின் ஆயுளை 1000 மணி நேரம் என்று வரையறுத்து, அதற்கு மேல் எரியும் பல்பு தயாரித்தவர்களுக்கு அபராதம் போட்டன. கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்புத் துறையில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்துவருவது அவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! இன்று குண்டு பல்பைத் தேடி அலைபவர்கள், கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு வேண்டுவோரும் சோதனைக்குச் சீரிஸ் போர்டு வைத்திருக்கும் எலக்ட்ரீசியன்களும்தான். எல்இடியால் வெளிச்சம் தர முடியும். குஞ்சு பொரிக்க முடியாது. அந்த எல்இடியின் பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் சில்லுக்குச் சொன்ன ஆயுள். சில்லுக்குப் பின்னால் இருக்கும் மின்தேக்கி சூட்டில் காய்ந்து முன்னதாகவே போய்விடும். மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் போட்டால் இன்னும் சீக்கிரம். நம் பழைய வராந்தா விளக்குகளெல்லாம் மூடிய கண்ணாடிக் கூண்டுகள்.

இனி குளியலறை. சிஎஃப்எல் செழித்த காலத்தில், அழகான கண்ணாடி மூடியோடு, உள்ளே பின் வைத்த பி.எல். விளக்கு மாட்டும் பிட்டிங்குகள் விற்றன. இவற்றில் சோக் பிட்டிங்குக்குள் இருக்கும்; விளக்கில் இருக்காது. 13 வாட், 18 வாட், 26 வாட் மூன்றுக்கும் ஒரே மாதிரி இரண்டு பின்கள்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழைந்துவிடக் கூடாது என்று அடிப்பாகத்தின் பள்ளங்களை வேண்டுமென்றே மாற்றி வைத்தார்கள். வேறு சில வகைகளுக்கு நான்கு பின்கள். தவறான வாட் விளக்கு போடாமல் பொதுமக்களைப் பாதுகாக்கும் ஏற்பாடு இது. இப்போது சரியான விளக்கையும் போடாமல் பாதுகாக்கிறது, ஏனெனில் அது கடைகளில் இல்லை. “அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார், பிட்டிங்கையே மாத்திடுங்க.” மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் கூடி, பாதரசத்தை முன்னிட்டு, ஒளிர்குழாய் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் முடித்துவிடத் தீர்மானித்தன. அந்தக் கூட்டமும் ஜெனீவாவில்தான். பாதரசம் ஒழிவது நல்லதே, அதை மறுப்பதற்கில்லை. டைல்ஸில் நான்கு துளை போட்டு இறுக்கிய பிட்டிங்கை உடைக்காமல் எப்படி எடுப்பது என்றும் ஒரு வரி தீர்மானித்திருக்கலாம்.

ஸ்பாட் லைட்டில் இரண்டு உறவினர்கள் உண்டு, முகம் ஒன்று, குணம் வேறு. இரண்டுக்கும் வாய் 50 மில்லிமீட்டர். ஒன்று நேரடியாக 230 வோல்ட்டில் எரியும். மற்றது டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12 வோல்ட்டில். 50 வாட் ஹாலஜனுக்குப் பழகிய டிரான்ஸ்ஃபார்மரில் 5 வாட் எல்இடியை மாட்டினால், சுமை போதவில்லை என்று அது துடிக்கும். பழைய டிம்மரிலும் இதே கதை.

கடைசி வகை, பால்ஸ் சீலிங்கில் பதிக்கும் எல்இடி பேனல். இதில் ஹோல்டர் இல்லை, பல்பு இல்லை, கழற்றுவதற்கு எதுவுமே இல்லை. சில்லுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் மட்டும் போயிருந்தால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கக்கூடும். சில்லும் போயிருந்தால் முழுப் பேனலையும் மாற்ற வேண்டும். இங்கே பொருத்தம் பார்க்க வேண்டியது சீலிங்கில் இருக்கும் துளைக்கு. பின் ஹோல்டருக்கு 22 மில்லிமீட்டர் என்ற அளவாவது உண்டு; துளைக்கு அன்றைக்கு வேலை செய்த ஆளின் கையிலிருந்த கட்டரே அளவு. கம்பெனிக்குக் கம்பெனி பேனலின் சுற்றளவு வேறு. அதே கம்பெனியிலும் ஆண்டுக்கு ஆண்டு வேறு. சிறியது வாங்கினால் கீழே விழும். பெரியது வாங்கினால் சீலிங்கை அறுக்க வேண்டும். பெரியதையே வாங்குவது வழக்கம். அறுத்துப் பொருத்தி, தூசு துடைத்து, சுவிட்சைப் போட்டதும், மற்ற ஐந்து பேனல்களும் வேறு வெள்ளையில் எரிவது தெரியும். அந்த ஐந்தையும் மாற்றுவதற்கு ஆள் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருப்பார்.